எதிர்ச்சுற்று

சுமதி தூணைத் தாண்டிப் போனதும் பேச்சிராஜ் இடப்பக்கக் குவியலிலிருந்து இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து வலப்பக்கம் வைத்தான். ஒன்றுதான் வைத்திருக்க வேண்டும்.

கோயிலை நூற்றியொரு முறை சுற்றுவதாக அவள் வேண்டியிருந்தாள். எண்ணுவது அவன் பொறுப்பு. மினிபஸ் கண்டக்டர். கூட்டத்தில் யார் ஏறினார்கள், யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதைப் படியில் நின்றபடியே சொல்லிவிடுவான். அவன் கணக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் ஆடிச்சுத்து தொடங்கிவிடும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருக்கிறாள். அவளுக்குக் கால் வலிக்கும். கோயிலைச் சுற்றுகிறவர்கள் அந்த வலியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறார்கள். சுற்றி முடித்துக் கால் வலித்தால் அம்மன் கொடுத்தாள் என்று அர்த்தம். பெண்கள் பிரகாரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொல்வார்கள், வலிக்கிறது என்று.

சுமதி மறுபடியும் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"எத்தனை ஆச்சு?"

"பேசாம சுத்து. பேசினா கணக்கு தப்பிரும்."

"கண்டக்டருக்குக் கணக்கு தப்புமோ?"

"டிக்கெட் எடுக்காம ஏறின ஆளு மாதிரி வாய் பேசாத. முன்னால போ, முன்னால போ."

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். பேச்சிராஜ் இரண்டு கொட்டைகளை எடுத்து வைத்தான்.

வேண்டுதல் அவனுக்காகத்தான். ஆனி மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். பிறகு மூச்சு விட முடியவில்லை. பன்றிக் காய்ச்சல், இரண்டு பக்க நுரையீரலையும் பிடித்துவிட்டது என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். அங்கே ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி. இந்தக் காய்ச்சலில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும், அதைத் தடுக்கத்தான் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். கால் வீங்கினால் வர வேண்டும். மூச்சு வாங்கினால் வர வேண்டும்.

சுமதி வேண்டிக்கொண்டது அந்த வார்டுக்கு வெளியே. அதை அவனிடம் வீட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னாள்.

"உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டான்.

"முட்டி கெடக்கு."

நைட்டி தைக்கும் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் முட்டி தேய்ந்திருந்தது. மாடிப்படி ஏறினால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்கும். நூற்றியொரு சுற்றை அந்த முட்டி தாங்காது என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள் என்றும் தெரியும். எண்ணுவதற்கு நான் வருகிறேன் என்றான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இரண்டு நாளாகப் பிரித்துப் போகலாம் என்றாள் அவள். வந்து தூணடியில் உட்கார்ந்தான். இரண்டு இரண்டாகத் தள்ள ஆரம்பித்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுமதி காலை நீட்டி உட்கார்ந்து முட்டியை அமுக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு வலியே இல்ல."

"நல்லதுதான?"

"பாதிக்கு மேல முடிஞ்சிட்டு. சத்தம்கூட போடல பாருங்க." முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினாள். "பக்கத்து வீட்டு ருக்ஸானாக்காட்ட சொன்னா நம்ப மாட்டா."

பேச்சிராஜ் தண்ணீர் குடிக்கக் கட்டிலிலிருந்து எழுந்தான். இடது காலை ஊன்றியதும் முகம் சுளித்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன?"

"மரத்திருக்கு. உக்காந்தே இருந்தம்லா."

"காட்டுங்க."

"ஒண்ணுமில்லட்டி."

அவள் கைலியை முழங்கால்வரை தூக்கினாள். இடது கெண்டைக்கால் திரண்டு தோல் பளபளவென்று இருந்தது. வலது கால் எப்போதும் போல இருந்தது. இரண்டையும் மாறி மாறித் தொட்டாள்.

"இதுல வலிக்கா?"

"ம்."

"இந்தக் காலுல?"

"இல்ல."

சுமதியின் கண் நிறைந்தது.

"சுத்தினது நான். எனக்கு ஒரு வலியும் இல்ல. அத்தனையும் உங்களுக்கு வந்திருக்கு. அதுவும் ஒத்தக்கால்ல." அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா ஒத்தக்கால்லதான நிக்கா. அவ வாங்கிக்கிட்டா, ஏங்க. நம்ம வேண்டுதல வாங்கிக்கிட்டா."

பேச்சிராஜ் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

அவளுக்கு ஏன் வலிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். பாதிதான் நடந்திருக்கிறாள். தனக்கு ஏன் வலிக்கிறது என்பதும் தெரியும் என்று நினைத்தான். அம்மனுக்குச் சேர வேண்டியதில் பாதியைத் தட்டியிருக்கிறான். அதற்கு இது.

ஆஸ்பத்திரியில் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் கால் வீக்கம் என்றால் இரண்டு காலும் வீங்கும். பேச்சிராஜின் சித்தப்பாவுக்குக் கிட்னி கெட்டபோது அப்படித்தான் வீங்கியது. டாக்டர் சொன்னது அந்த மாதிரி வீக்கத்தை. ஒரு கால் மட்டும் வீங்குவதற்கு அவர்களுக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒன்று.

அமுக்கிவிடப் போனாள். விரல் பட்டதும் அவன் காலை இழுத்துக்கொண்டான். அவள் கோயிலில் வாங்கி வைத்திருந்த புற்றுமண்ணைக் கரைத்துக் கெண்டைக்காலில் பூசினாள். அப்படியே தன் முட்டியிலும் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

"எனக்கும் இருக்கட்டும். உங்களுக்கு மட்டும்னா அம்மா கோவிச்சிக்கிடுவா."

மறுநாள் காலை அவள் முட்டியில் இருந்த மண் தூளாக உதிர்ந்திருந்தது. அவன் காலில் உதிரவில்லை. நீளவாக்கில் வெடித்து வாய் பிளந்திருந்தது. பிளவுக்கு நடுவே தோல் சிவந்து தெரிந்தது. சுமதி அதை உட்கார்ந்து பார்த்தாள். மண்ணுக்கு மேல் கையை வைத்தாள். சுட்டது.

"ஏங்க, இது என்ன இப்படி?"

"வலி ஏறுதுல்லா. இன்னைக்கி முடிச்சிட்டா இறங்கிரும்."

"ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிருவமா?"

"முதல்ல கோயில். பெறகு எங்க வேணும்னாலும் போவம்."

அவள் தயங்கினாள். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. ருக்ஸானாவின் புருஷன் ஆதம் வந்திருந்தான். மினிபஸ் ரூட்டில் ஆட்டோ ஓட்டிப் பேச்சிராஜிடம் தினமும் திட்டு வாங்குகிறவன். காய்ச்சலில் கிடந்தபோது திருநெல்வேலிக்குக் கூட வந்தவனும் அவன்தான்.

பேச்சிராஜ் நொண்டிக்கொண்டு வந்து ஏறினான். கைலி விலகியது.

"என்னவே இது?" என்றான் ஆதம். "ஒரு காலு உம்மோடது. இன்னொரு காலு யாரோடது?"

"வண்டிய எடும்."

"எடுக்கேன். எங்க, ஆஸ்பத்திரிக்கா?"

"கோயிலுக்கு."

சுமதி அம்மன் ஒற்றைக்காலில் நிற்பதையும் வலி மாறி வந்ததையும் சொன்னாள். ஆதம் முழுவதும் கேட்டான்.

"உங்க அம்மா விஷயத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன், சுமதி. ஆனா காலு பேச்சியோடது. அது விஷயமா பேசலாம்லா?"

"கோயில முடிச்சிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருவம், ஆதம் அண்ணே. நீங்க வெளிய நில்லுங்க."

"நிக்கேன். டீ குடிச்சிட்டு நிக்கேன்."

பேச்சிராஜ் அன்று எண்ண நினைக்கவில்லை. இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தான். அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் அழுவாள், பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பாள், முட்டி போய்விடும். அம்மனை ஏமாற்றவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது. தட்டிய சுற்றுகளைத் தானே சுற்றிவிட வேண்டும். அவள் தூணைத் தாண்டியதும் எழுந்து கொஞ்சம் இடைவெளி விட்டு அவள் பின்னால் போனால், அவள் ஒரு பக்கம் இருக்கும்போது அவன் இன்னொரு பக்கம் இருப்பான். அவன் நடப்பதைப் பார்க்க மாட்டாள். தூணடியில் ஏன் இல்லை என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தூணடியில் உட்கார்ந்து கொட்டைகளைப் பரப்பினான். சுமதி கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

"சரியா எண்ணுங்க."

"நீ சரியா நட."

அவள் மூலை திரும்பியதும் தூணைப் பிடித்து எழுந்தான்.

சுமதி முதல் சுற்று முடிந்து வந்தபோது தூணடியில் அவன் இல்லை. துண்டு இருந்தது. கொட்டைகள் பரப்பியபடியே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கன இருந்தவங்க எங்க போனாங்க?"

"அந்தாலதான் போனாரு. உங்க பின்னாலதான். கால இழுத்து இழுத்துப் போனாரு."

சுமதிக்கு முதலில் கோபம் வந்தது. பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றால் சொல்லியிருக்கலாம். நின்று பார்த்தாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் பின்னால் கிளம்பியவன் இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

முன்னால் நடந்தால் கோயிலை முழுக்கச் சுற்றித்தான் அவனிடம் போய்ச் சேர முடியும். தூணிலிருந்து கடைசி மூலைவரை அவன் தெரியவில்லை; அந்த மூலைக்கு அப்பால்தான் எங்கோ இருக்கிறான். இந்தப் பக்கமாகத் திரும்பிப் போனால் கிட்டம்.

கோயிலை யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். வலமாகத்தான் வர வேண்டும். வேண்டுதல் இருக்கிறவள் ஓரடிகூட எதிர்த்து வைக்கக் கூடாது. வைத்தால் சுற்றியதெல்லாம் போச்சு.

சுமதி திரும்பினாள்.

கூட்டம் எதிரே வந்தது. தோள் இடித்தது. யாரோ ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள்.

"ஏ மக்கா, எதுத்து வாற? சாமி குத்தம்லா!"

"விடுங்க."

"ஏட்டி, கிறுக்கி..."

கையை உதறிவிட்டு ஓடினாள். முட்டி சத்தம் போட்டது. மூலையில் திரும்பினாள். அவன் மதில் ஓரமாகச் சாய்ந்து நின்றான். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். அது உள்ளே போனதாகத் தெரியவில்லை. சட்டை முழுக்க வேர்வை. உதட்டில் நிறம் இல்லை. வார்டில் முதல் நாள் பார்த்த அதே முகம்.

"ஏங்க!"

"நெஞ்சு..." என்றான். "குத்துது."

அவள் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். எதிரே வந்த இரண்டு பெண்கள் சுற்றுவதை விட்டுவிட்டு அவனை மறுபக்கம் தாங்கினார்கள். கோபுர வாசலில் ஆதம் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

ஆட்டோ கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பேச்சிராஜ் தலையை அவள் மேல் சாய்த்திருந்தான்.

"சுமதி."

"பேசாதீங்க."

"ரெண்டு ரெண்டா... தள்ளுனேன்."

"என்னத்த?"

"கொட்டைய."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"எல்லா சுத்துக்குமா?"

தலையை ஆட்டினான்.

"எதுக்கு?"

"உன் முட்டி..." மூச்சு வாங்கினான். "அதான் அம்மா... எனக்கு..."

ஆதம் கண்ணாடியில் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "ஏவே, அரை டிக்கெட்டுக்கு முழு டிக்கெட் போடத் தெரியாத ஆளு நீரு. களவாங்க ஆரம்பிச்சா சாமிகிட்டயா போய் ஆரம்பிப்பீரு?"

சுமதி பேச்சிராஜின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"உங்களப் பெறகு வச்சிக்கிடுதேன். இப்ப மூச்ச மட்டும் பாருங்க. இழுங்க. மெதுவா. இழுங்க."

உள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெனிபா இருந்தாள். சின்ன வயது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னாள். நெஞ்சைக் கேட்டாள். பிறகு கைலியைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். வெடித்த மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, இன்ச் டேப் எடுத்து ஒவ்வொரு கெண்டைக்காலாகச் சுற்றி அளந்தாள்.

சுமதி தையல்காரி. இரண்டு முறையும் டேப்பில் டாக்டரின் விரல் எங்கே நின்றது என்று பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கால அமுக்கினீங்களா?"

"நேத்து ஒரு தடவ கை வச்சேன். வலிக்குன்னு இழுத்துக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இனிமே தொட வேண்டாம். அண்ணாச்சி, இந்த வலி எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"ஆடிச்சுத்து தொடங்கினப்பெறகு" என்றாள் சுமதி.

பேச்சிராஜ் முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினான்.

"இல்ல" என்றான். யோசித்தான். "திருநெல்வேலில இருந்து வரும்போதே. கார்ல. முட்டிக்குப் பின்னால சுண்டி இழுத்துச்சு. படுத்தே கெடந்ததாலன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவனே ஆச்சரியப்பட்டதுபோலப் படுத்திருந்தான். அப்போது கொடி ஏறவில்லை. வேண்டுதல் இருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு கொட்டையைக்கூட அவன் இன்னும் தொட்டிருக்கவில்லை.

"காய்ச்சல் போயிரும்" என்றாள் டாக்டர். "அதுல ரத்தம் உறையிற தன்மை போக நாளாகும். படுத்தே கெடந்த காலுல ரத்தம் கட்டியிருக்கு. அதுல ஒரு துண்டு பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்குன்னு நினைக்கேன். இப்பவே ஒரு ஊசி போடுதேன். ஆம்புலன்ஸ் வருது. திருநெல்வேலில ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க."

"பொழச்சிருவாங்களா?"

டாக்டர் அவளைப் பார்த்தாள். "சரியான நேரத்துல வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சொல்ல முடியாது."

நர்ஸ் சட்டையை விலக்கினாள். வயிற்றில் பழைய ஊசித் தடங்கள் மஞ்சளாக மங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஓரிடம் பார்த்துக் குத்தினாள். சுமதி இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் தபசுக் காட்சி நடந்த அன்று அவர்கள் திருநெல்வேலியில் இருந்தார்கள். ஸ்கேனில் காலில் கட்டி, நுரையீரலில் இரண்டு இடத்தில் சின்னதாக அடைப்பு. மருந்து கேட்கிறது என்றார்கள். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். ஆதம் கூட்டத்துக்குள் நின்று போனில் வீடியோ போட்டுக் காட்டினான். முதுகும் தலையுமாகத்தான் தெரிந்தது.

"சாமி தெரியுதா?"

"உம்ம கட்டைவிரல்தான் தெரியுது" என்றான் பேச்சிராஜ்.

சுமதி போனைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேச்சிராஜ் அவளைப் பார்த்தான்.

"எதுத்துச் சுத்தினியாமே."

"யாரு சொன்னா?"

"ஆதம்."

"அவருக்கு வேற வேலையில்ல."

"அப்ப சுத்தினதெல்லாம் போச்சா?"

"இருந்ததே பாதிதான. போனாப் போவுது." போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "அடுத்த ஆடிக்கு மொதல்ல இருந்து. எண்ணுறதுக்கு ருக்ஸானாக்காவக் கூட்டிட்டுப் போவேன்."

மறுநாள் டாக்டர் வந்து மாத்திரையைப் பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் சொல்ல வேண்டும். பிறகு, எழுந்து நடக்கலாம் என்றார்.

"நடக்கலாமா?" என்றாள் சுமதி. "காலு?"

"மருந்து ஏறியிருக்குல்ல. இனி நடந்தாத்தான் நல்லது. மெதுவா."

அவன் கட்டிலை விட்டு இறங்கினான். அவள் பின்னால் வந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வார்டு வராந்தாவில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வலிக்கா?"

"லேசா."

"எங்க?"

"அதே இடத்துலதான்."

"நெஞ்சுல?"

"இல்ல."

"உண்மையச் சொல்லுங்க."

"உண்மைதாம்ட்டி."

சுமதி நின்றாள். காலரை விடாததால் அவனும் நின்றான்.

"இனிமே எங்க வலிச்சாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும். அது எதுக்கு வந்தது, யாரு குடுத்ததுன்னு நீங்களா யோசிக்க வேண்டாம். மொதல்ல எங்கிட்ட. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சரி."

"சரின்னா?"

"சொல்லுதேன்." பேச்சிராஜ் கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பினான். "சட்டைய விடு. கழுத்து வலிக்கு."

அவள் விடவில்லை. இன்னொரு தடவை வராந்தாவின் கடைசி வரைக்கும் நடக்கச் சொன்னாள்.